தையல்காரன் பார்த்த ஏரி

தையல்காரன் சொல்லும் தேதியை யாரும் நம்பக் கூடாது. "பட்டன் மட்டும்தான் பாக்கி" என்று நான் சொன்னால், துணியில் இன்னும் கத்தரி படவில்லை என்று அர்த்தம். "நாளைக்குச் சாயங்காலம் வாங்க" என்றால், துணி எங்கே இருக்கிறது என்று இனிமேல்தான் தேடப் போகிறேன் என்று அர்த்தம். வாடிக்கையாளர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பதினைந்தாம் தேதி வேண்டிய சட்டையைப் பத்தாம் தேதிக்கே வேண்டும் என்பார்கள். இரண்டு பக்கமும் ஏமாற்றி, சட்டை சரியான நாளில் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்தப் பழக்க தோஷத்தில்தான் இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பொய்யைச் சொன்னேன். அப்போது என் கடைக்கு ஒரு பெண் வெள்ளைக் கோட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். நகரக் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் புதிதாக வேலை கிடைத்திருந்தது. கை நீளம், குறைக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் அவள் வந்து நின்றபோது கோட்டு, கொடுத்த மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருந்தது. "ரெண்டே நிமிஷம்" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன். நேரம் போவது தெரியாமலிருக்க அவளைப் பேசவைக்க வேண்டும்.

"நம்ம குழாய்ல வர்ற தண்ணி மலை மேல இருக்கிற ஏரியிலிருந்து வருது, தெரியுமா?" என்றாள்.

தெரியாமல் என்ன, ஊருக்கே தெரியும். மேகமில்லாத நாளில் என் கடை வாசலில் நின்றாலே அந்த மலை தெரியும். ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். என் வாய், "தெரியுமாவா? நான் போயிருக்கேனே" என்றது.

"எப்படி இருக்கும்?"

இன்னொரு கை பாக்கி இருந்தது. தண்ணீர் நீலமாக இருக்கும் என்றேன். நடுவில் ஒரு சின்னத் தீவு என்றேன். தீவில் ஒரே ஒரு மரம், ஒரு பக்கமாகச் சாய்ந்து, கிளை நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் என்றேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் அல்லவா. மரத்துக்கு நூறு வயது இருக்கும் என்று முடித்தபோது இரண்டாவது கையும் முடிந்திருந்தது. கோட்டை வாங்கிக்கொண்டவள் உடனே போகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அந்த மரத்தைப் பற்றியே கேட்டாள். அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணலாம் என்பார்கள். நான் சிக்கனமாக முடித்துவிட்டதாக அப்போது எனக்குப் பெருமைகூட இருந்தது.

நான் கட்டிக்கொண்டவள் எப்பேர்ப்பட்டவள் என்று பிறகுதான் தெரிந்தது. அவள் வேலையே நம்பாமல் இருப்பது. தண்ணீர் பிடிக்கும் குப்பியை, அது கழுவிக் கவிழ்த்த குப்பியாகவே இருந்தாலும், அதே தண்ணீரில் மூன்று தடவை அலசிக் கொட்டிவிட்டுத்தான் நிரப்புவாள். ஒவ்வொரு சோதனையும் மூன்று தடவை. மூன்றும் ஒத்துப்போனால்தான் எழுதுவாள். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிடும். பாலை மூன்று தடவை முகர்வாள். கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை பார்ப்பாள். நிலையத்தில் எல்லோருக்கும் அவள் ஃபில்டர் அக்கா. ஒருமுறை மேலிடத்திலிருந்து யாரோ பார்வையிட வருகிறார்கள் என்று, கலங்கல் அளவு ஆறு என்றிருப்பதை நான்காக எழுதச் சொன்னார் ஓர் அதிகாரி. இவள் பேனாவை அவரிடமே நீட்டி, "நீங்களே எழுதி, கீழ ஒரு கையெழுத்தும் போட்டுடுங்க சார்" என்றாள். அவர் பேனாவை வாங்கவில்லை.

இப்படிப்பட்டவள் என் மரத்தை மட்டும் சோதிக்காமல் நம்பினாள். ஏரியைப் பார்க்க வேண்டும் என்று வருடா வருடம் கேட்டாள். நான் வருடா வருடம் ஒரு காரணம் தைத்துக் கொடுத்தேன். ஒரு வருடம் இடுப்புப் பிடிப்பு. ஒரு வருடம் அறுபது சீருடை ஆர்டர். ஒரு வருடம் மகளுக்குப் பரீட்சை. மகள் அப்போது படித்தது முதலாம் வகுப்பு.

இந்த வருடம் காரணம் கிடைக்கவில்லை. அவள் வலது முழங்காலுக்கு அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகு மாடிப்படி ஏறலாம், மலை ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போதுகூட வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று தெரிந்ததால், அதை மட்டும் இவள் கேட்கவில்லை. மழை தொடங்கினால் பாதையை மூடிவிடுவார்கள். கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு மகள் அனுமதிச் சீட்டு எடுத்து, இரண்டு ஜோடி ஷூவும் வாங்கி வந்துவிட்டாள். "அப்பா கூட இருக்கறப்ப என்னம்மா பயம்? அவருக்குத்தான் வழி தெரியுமே" என்றாள். நான் ஷூவின் தையலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலை ஆறரைக்கு மலையடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். என் முதுகில் ஆறு லிட்டர் தண்ணீர். வழி நெடுக ஓடை உண்டு என்று பஸ்ஸிலேயே எல்லோரும் சொன்னார்கள். "சோதிக்காத தண்ணிங்க அது" என்று இவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஏரியிலிருந்து இறங்கி, குழாயில் நாற்பது மைல் ஓடி, நிலையத்தில் சுத்தமாகி எங்கள் வீட்டுக்கு வந்த தண்ணீரை, பாட்டிலில் அடைத்து, மறுபடி அந்த ஏரிக்கே சுமந்துகொண்டு போனேன். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிறவனுக்குக்கூட இவ்வளவு கனம் இருக்காது.

பாதை முதலில் நல்லவன் மாதிரி நடித்தது. பைன் மரங்களுக்கு நடுவே சருகு மெத்தை, நிழல், பறவைச் சத்தம். அரை மணி நேரம் கழித்து தன் சுயரூபத்தைக் காட்டியது. கல் படிகள், ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். முப்பது வருடமாக மிஷின் மிதித்த கால் எனக்கு. ஆனால் அத்தனை வருடமும் அது ஓர் அங்குலம்கூட மேலே ஏறியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் துருத்தி மாதிரி மூச்சு வாங்கினேன். இவளோ வலது காலை முன்னால் வைக்காமல், இடது காலால் ஏறி, வலது காலை இழுத்துச் சேர்த்து, ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தாள். போகிற வழியில் ஒவ்வொரு ஓடையிலும் கை நனைத்துப் பார்த்தாள். "எங்க ஆளு இது. நம்ம தண்ணிதான்" என்று ஓடையை அறிமுகப்படுத்தினாள். அவள் முகம் அப்படிச் சிவந்து மலர்ந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் நின்று என்னைப் பார்த்தாள். வழி தெரிந்தவன் நான்தானே.

"இடது பக்கம்" என்றேன். தயங்காமல் சொன்னேன், தயங்கினால் சந்தேகம் வரும். இடது பக்கப் பாதை இருபது நிமிடம் வளைந்து வளைந்து போய் ஓர் ஆட்டுப்பட்டியில் முடிந்தது. ஆடுகள் எங்களைப் பார்த்தன.

"முன்னாடி இது இங்க இல்ல" என்றேன்.

"முப்பது வருஷம் ஆச்சில்ல, மாறியிருக்கும்" என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். அந்த நிமிடம் எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. திட்டியிருந்தாலாவது தேவலை.

இப்படி நாற்பது நிமிடம் வீணாகி, பாதி வழியிலுள்ள காவல் சாவடிக்கு வந்தபோது மணி பத்து ஐம்பது. மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிடும் என்பதால் பதினோரு மணிக்கு மேல் யாரையும் மேலே விட மாட்டார்கள். காவலர் எங்கள் சீட்டை வாங்கிப் பார்த்தார். என் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"உள்ள என்ன, கல்லா?"

"தண்ணி."

"ஐயா, தண்ணி மேல இருந்துதான் கீழ வருது" என்று சிரித்தார். பிறகு இவள் காலைப் பார்த்து, சிரிப்பை நிறுத்தினார். "இனிமேதாம்மா செங்குத்து. பத்து நிமிஷம் இருக்கு, உக்காந்து யோசிச்சுச் சொல்லுங்க. பதினொண்ணு அடிச்சா கயித்தைக் கட்டிடுவேன்."

பெஞ்சில் உட்கார்ந்தோம். உண்மையைச் சொல்கிறேன்: எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஷூ கயிற்றைக் கழற்றி மாட்ட இரண்டு நிமிடம். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்று நீவ ஐந்து நிமிடம். ஒரு ரொட்டித் துண்டு மூன்று நிமிடம். பதினோரு மணி தானாக அடிக்கும். கயிறு விழும். தீவும் மரமும் என் சாவு வரை பத்திரமாக இருக்கும். நான் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தும்விட்டேன்.

இவள் முழங்காலை நீவிக்கொண்டே, "உங்களுக்கு முடியலைன்னா திரும்பிடலாங்க" என்றாள். "நீங்கதான் பாத்தாச்சே. நீங்க சொன்னதுலேயே நானும் பாத்த மாதிரிதான்."

கை அப்படியே நின்றுவிட்டது. இவள் இருபத்தெட்டு வருடம் தினமும் அந்த ஏரியைத் தொட்டிருக்கிறாள், அளந்திருக்கிறாள், அதன் சூடும் குளிரும் என்னைவிட நன்றாக அவளுக்குத் தெரியும். பார்த்ததில்லை, அவ்வளவுதான். பார்க்க விடாமல் வைத்திருந்தது நான். ஒரு கோட்டுக் கைக்காக. கயிற்றை இறுக்கிக் கட்டி எழுந்து, "வா" என்றேன். மணி பத்து ஐம்பத்தெட்டு.

செங்குத்து என்று காவலர் சொன்னது மரியாதைக்கு. பாறையில் இரும்புச் சங்கிலி அடித்து வைத்திருந்தார்கள். அதைப் பிடித்து ஏற வேண்டும். கால் மணி நேரம் ஏறி, ஒரு தட்டைப் பாறையில் மூச்சு வாங்க நின்றோம். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

"நான் இந்த ஏரியைப் பாத்ததே இல்ல" என்றேன்.

அவள் திரும்பவில்லை. சங்கிலிக்கு நீட்டிய கை மட்டும் நின்றது. "மறுபடி சொல்லுங்க."

சொன்னேன். கோட்டைத் தைக்காமல் வைத்திருந்தது, நேரம் கடத்தியது, எல்லாம் சொன்னேன்.

"அப்ப அந்த மரம்?"

"இருந்தாலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது."

"இருக்கே. ஏரிக்காரர் தினமும் சொல்றாரே."

ஏரிக்காரர் என்று இவள் சொல்வது ஏரி மதகில் வேலை பார்ப்பவரை. தினமும் காலை ஏழு மணிக்கு அவர் நிலையத்துக்கு போன் செய்து நீர்மட்டமும் நிறமும் சொல்வார். அதை வைத்துத்தான் இவள் எவ்வளவு படிகாரம் போடுவது என்று முடிவு செய்வாள். நேரில் பார்த்ததில்லை, குரல் பழக்கம். அந்த ரீடிங் முடிந்ததும் இவள் தினமும் "மரம் எப்படி இருக்கு?" என்று கேட்பாளாம். அவரும் "தழைச்சிருக்கு மேடம்" என்பாராம். இருபத்தேழு வருடமாக. இது எனக்குத் தெரியவே தெரியாது.

ஒரு நிமிடம் நான் சிலிர்த்துப்போனேன். வாய்க்கு வந்ததைச் சொல்லி, அது பலித்துவிட்டதா? என் நாக்கில் ஏதோ இருக்கிறது என்று பட்டது. தோளை நிமிர்த்திக்கூட நின்றேன்.

"மரம் இருந்தா நீங்க சொன்னது பொய் இல்லைன்னு ஆயிடுமா?" என்றாள், என் தோளைப் பார்த்து. "குழாய்த் தண்ணியை மூணு தடவை சோதிக்கிறேன். வீட்டுல இருக்கிற ஆளை ஒரு தடவைகூட சோதிக்கல பாருங்க."

அதோடு பேச்சு நின்றது. ஏறத் தொடங்கினாள். அப்படி ஒரு ஏற்றத்தை நான் பார்த்ததில்லை. எந்தத் தைலத்துக்கும் கேட்காத முழங்கால், கோபத்துக்குக் கேட்டது. எங்களுக்கு முன்னால் போன இரண்டு இளவட்டங்களை அவள் தாண்டிப் போனாள். நான் பின்னாலிருந்து "மெதுவா, மெதுவா" என்று கூப்பிட்டேன். நடுவில் ஒரு தடவை நின்றாள். மனது இரங்கிவிட்டது என்று நினைத்தேன். என் பையிலிருந்து ஒரு பாட்டிலை உருவிக் குடித்துவிட்டு, பாட்டிலைத் திருப்பிச் செருகிவிட்டு நடந்தாள்.

பன்னிரண்டரைக்குக் கடைசிப் பாறையில் ஏறினாள். ஏறியவள் அசையாமல் நின்றாள். நான் நாலு காலில் தவழ்ந்து பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன்.

ஏரி நீலமாக இல்லை. கரையோரம் பச்சை, உள்ளே போகப் போகக் கறுப்பு, நடுவில் மேகம் வெள்ளையாக மிதந்தது. மூன்று பக்கமும் பாறைச் சுவர். எவ்வளவு பெரிது என்றால், துணி அளந்து பழகிய என் கண்ணுக்கு அளவே பிடிபடவில்லை. காற்று வந்து தண்ணீரைச் சிலிர்க்கவைத்துவிட்டுப் போனது. இக்கரையிலிருந்து அக்கரை வரை வெறும் தண்ணீர். தீவு இல்லை. மரம் இல்லை. ஒரு செடிகூட இல்லை.

இவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. தடுமாறி இறங்கி, கரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மணிக்கட்டு வரை தண்ணீரில் விட்டாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. போட்டிருந்த குளிர்கோட்டின் பையிலிருந்து வெப்பமானியை எடுக்கும் முன்பே "ஒன்பது டிகிரி" என்றாள். வைத்துப் பார்த்தாள். மூன்று தடவை. மூன்று தடவையும் ஒன்பது. பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் என்னோடு பேசுவதில்லை என்பது ஞாபகம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. அவள் பார்த்துவிட்டாள். அது போதும், பொய்யனென்று பெயர் எடுத்தாலும் பரவாயில்லை.

மதகுப் பக்கத்துக் கல்வீட்டிலிருந்து ஒருவர் வந்தார். குள்ளமாக, ஒல்லியாக, சட்டையில் நாலு பட்டனும் நாலு நிறமாக. "இன்னைக்கு பாதை மூடியாச்சா, இன்னும் ஆள் வருமா?" என்றார்.

குரலைக் கேட்டதும் இவள் விருட்டென்று எழுந்தாள். "நீங்களா? ஆறடி இருப்பீங்கன்னு நினைச்சேன்."

"மேடமா?" என்றார் அவர். முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த நொடியே சிரிப்பு போய்விட்டது. ஏரியைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், கல்வீட்டைத் திரும்பிப் பார்த்தார்; உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று யோசித்தார் என்றே நினைக்கிறேன்.

"மரம் எப்படி இருக்கு?" என்றாள்.

அவர் தலையைச் சொறிந்தார். "முதல் நாள் கேட்டப்ப, எந்த மரம்னு கேக்க வாயெடுத்தேன் மேடம். அதுக்குள்ள, எங்க வீட்டுக்காரர் நேர்ல பாத்ததுன்னீங்க. கல்யாணமாகி ஒரு மாசம்னும் சொன்னீங்க. இல்லைன்னு சொல்லி ஒரு குடும்பத்துல குழப்பம் பண்ணணுமா? இருக்குன்னுட்டேன். அப்புறம் நிறுத்த முடியல."

"புயல் அடிச்சப்ப ஒரு கிளை முறிஞ்சு போச்சுன்னு சொன்னீங்க."

"இவ்வளவு பெரிய புயலுக்கு ஒண்ணும் ஆகலைன்னா நம்ப மாட்டீங்களேன்னு..."

"அன்னைக்கு நான் சாப்பிடலைங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முன்பின் தெரியாத இரண்டு பேர், இருபத்தேழு வருடமாக ஒரே மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

முதலில் அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. சிரித்தாள். நிற்க முடியாமல் பாறையில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுற்றியிருந்த பாறைச் சுவர் அதைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தது. ஏரிக்காரர் பயந்து என்னைப் பார்த்தார். அப்புறம் அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

ஒரு மணிக்கு நிலையத்துக்கு மதிய ரீடிங் சொல்ல வேண்டும். கல்வீட்டுக்குள் போனோம். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சுவரில் வரிசையாக மழைக்கோட்டுகள், ஜன்னலோரம் போன். ஏரிக்காரர் எண்ணைச் சுழற்றி இவளிடமே கொடுத்தார். எதிர்முனையில் ஷிப்ட் ஆபரேட்டர். கத்திப் பேசுகிற ஆள், அறை முழுக்கக் கேட்டது.

"மட்டம் பதினோரு மீட்டர் நாற்பது. வெப்பம் ஒன்பது. நிறம் தெளிவு" என்றாள்.

"அக்கா? அக்கா, நீங்களா? ஏரியிலயா இருக்கீங்க?" பின்னால் நாலைந்து பேர் குரல் கேட்டது. எல்லோரும் போனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. "அக்கா, மரம் எப்படி இருக்கு?"

நிலையத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் என் மரம் தெரிந்திருக்கிறது. அதிகாரியிடமே பேனாவை நீட்டியவள் இவள். இருப்பதைத்தான் சொல்வாள். சொல்லட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

பொறுக்க முடியவில்லை. கண்ணைத் திறந்தேன். ஜன்னல் வழியாக வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"இருக்கு" என்றாள். "நல்லா தழைச்சிருக்கு."

அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கொடுத்த ஒரே தப்பான ரீடிங் அது. ஏரிக்காரர் எதற்கோ அடுப்பைப் பார்க்கப் போனார்.

ஏரிக்காரர் அவித்துக் கொடுத்த முட்டையும் நாங்கள் கொண்டுபோன ரொட்டியுமாகச் சாப்பிட்டுவிட்டு, மேகம் இறங்குவதற்குள் கிளம்பினோம். பாட்டில்களைக் காலி செய்து, ஏரித் தண்ணீரில் மூன்று தடவை அலசி, ஒரே ஒரு குப்பி மட்டும் நிரப்பி அவளே வைத்துக்கொண்டாள். எனக்கு முதுகு காற்றாக இருந்தது. சங்கிலிப் பாறையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இறக்கத்துக்கு அவள் கால் வலிக்கத்தான் செய்தது. நான் கீழ்ப்படியில் நின்று அவள் எடையைத் தாங்கினேன். அந்தக் கனம் எனக்கு வேண்டியிருந்தது.

காவல் சாவடியைத் தாண்டியதும், "இன்னும் ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றாள். "அடிவாரம் வரைக்கும் என்ன சொன்னாலும் கோவிக்க மாட்டேன். பஸ் ஏறிட்டா கணக்கு வேற."

எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன். அவள் தங்கை கல்யாணத்துக்கு எனக்கு வந்த காய்ச்சலிலிருந்து தொடங்கினேன். அடிவாரத்துக்கு வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆனது. பஸ் புறப்படத் தயாராக நின்றது. நான் அப்போதுதான் எங்கள் மகள் பிறந்த வருடத்துக்கு வந்திருந்தேன். அவள் கண்டக்டரிடம், "நீங்க போங்க, நாங்க அடுத்த வண்டியில வர்றோம்" என்று சொல்லிவிட்டு, அங்கிருந்த கல்லில் உட்கார்ந்து பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள்.